மலையேறாத நல்கை: வட்டார நூலகச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் தலைவர், செயலாளர், விருதுக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இந்த ஆண்டுக்கான விருது, நல்கை (நிதியுதவி) அறிவிப்பைப் படித்தேன். சிறு நூலகங்களுக்கென்று இதுவரை தனியாக இருந்த நல்கையை எடுத்துவிட்டு, மின்நூலக மேம்பாட்டு நல்கையோடு சேர்த்துவிட்டீர்கள். விண்ணப்பிக்கும் நூலகம் செலவில் பாதியைத் தன் பங்காகப் போட வேண்டும். மொத்தப் பணத்தையும் முதலில் தானே செலவழித்து, ரசீதைக் காட்டி, உங்கள் பாதியைப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். ஜிஎஸ்டி எண் உள்ள மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்க வேண்டும். மார்ச் 31க்குள் கணக்கை முடிக்க வேண்டும். போதாததற்கு, சிறந்த நூலகர் விருதுக்கு நூலக அறிவியல் பட்டமும் நிரந்தரப் பணியும் கட்டாயம் என்று புதிதாக ஒரு வரி. இதைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். நாகலூர் போகும் வழியில் உள்ள ஒரு மலைக்கிராமத்தில் பகுதிநேர நூலகம் இருக்கிறது. அதன் வாசகர் வட்டத்துக்கு நான் பொறுப்பாளர். எங்கள் ஊரில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல). எஸ்டேட் வேலை, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் சொந்தக் காடு, இதுதான் பிழைப்பு. பில் கேட்பதையும் கணக்குக் கேட்பதையும் நான் குறை சொல்ல வரவில்லை. வாழ்நாள் முழுக்க நானும் அதைத்தான் மற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் பறிப்புக்கு ஆள் கூட்டி வரும் மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் கணக்குக் கேட்போம். கையில் காசில்லாதவரிடம் 'முதலில் நீ செலவு பண்ணு, அப்புறம் பார்க்கலாம்' என்று சொன்னால் வேலை நடக்காது என்பது எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்த மழை உங்களுக்கும் நினைவிருக்கும். சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எங்கள் நூலகத்தின் சிமெண்ட் ஷீட் கூரை ஒரு பக்கம் விரிசல் விட்டு, சுவரோரம் இருந்த அடுக்கு முழுக்க நனைந்துவிட்டது. கரண்ட் இல்லை. வெயிலும் இல்லை, எங்கே பார்த்தாலும் மூட்டம். நூலகத்தைத் திறந்து மூடும் பெண்மணிதான் (ஊர்ப்பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் 'லைப்ரரி அக்கா') அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தார். நனைந்த புத்தகங்களை வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். எந்த வீட்டுக்கு எந்தப் புத்தகம் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படிக்குப் பக்கத்தில், சூடு நேராகப் படாத தூரத்தில் புத்தகங்களை விரித்து நிறுத்தினார்கள். பக்கங்களுக்கு நடுவே பழைய செய்தித்தாளைக் கிழித்துச் செருகி, அது ஈரமானதும் எடுத்துப்போட்டு, வேறு தாள் செருகினார்கள். மெல்லிய கதைப் புத்தகங்கள் துணிக்கொடியில் தொங்கின.

சாதாரணத் தாளில் அச்சான நாவல்கள் ஓரம் அலையலையாக வளைந்தாலும் பிழைத்துக்கொண்டன. வழவழப்பான தாளில் அச்சான பொது அறிவுப் புத்தகங்களும் படப் புத்தகங்களும் பக்கத்தோடு பக்கம் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன, ஒன்றும் செய்ய முடியவில்லை. அவைதான் டிஎன்பிஎஸ்சி எழுதும் பையன்களும் பெண்களும் மாற்றி மாற்றிக் கேட்டு எடுத்துப் போனவை. மற்ற புத்தகங்கள் நோட்டில் எழுதியபடி திரும்பி வந்தன. எந்த வீட்டிலும் ஒரு புத்தகம்கூடத் தங்கிவிடவில்லை. காயவைத்த சாக்கில் படிக்க ஆரம்பித்து, பாதியில் விட முடியாமல், 'இது இன்னும் ரெண்டு நாள் எங்ககிட்டயே இருக்கட்டும்' என்று கேட்டு வைத்துக்கொண்டவர்கள் மட்டும் உண்டு.

அந்தக் கூரையைச் சரிசெய்து, சுவரை விட்டுத் தள்ளி நிற்கும் ஒரு அடுக்குச் செய்ய, அப்போது இருந்த சிறு நூலக நல்கைக்கு விண்ணப்பித்தோம். பராமரிப்பும் பழுது நீக்கமும் நல்கையின் வரம்புக்குள் வராது என்று ஒரு வரியில் பதில் வந்தது. புத்தகம் வாங்கவோ, விழா நடத்தவோ, கணினி வாங்கவோ என்றால் பரிசீலிக்கலாமாம். ஒழுகுகிற கூரைக்குக் கீழே புதுப் புத்தகம் வாங்கி வைத்து என்ன செய்வது என்று நான் திருப்பி எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. கூரையை ஊரார் காசு போட்டுத் தார்ப்பாய் விரித்துச் சமாளித்திருக்கிறோம். இப்போது அந்த நல்கையே இல்லை என்று ஆக்கிவிட்டீர்கள்.

மின்நூலகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் கணினி வேண்டும். தேர்வு விண்ணப்பம் போடுவதற்காக மட்டும் ஏற்காட்டில் உள்ள ஒண்டிக்கடைக்குப் பஸ் ஏறி, அங்கே காத்திருந்து, போட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசும் போகிறது. ஆனால் கூரையும் அடுக்கும் கேட்கிற நூலகத்தையும், ஸ்கேனரும் சர்வரும் கேட்கிற நகரத்து நூலகத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே மதிப்பெண் தாளில் போட்டுப் பார்த்தால் யாருக்குக் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பாதிப் பங்கு விஷயத்துக்கு வருகிறேன். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. கொல்கத்தாவில் 1972ல் தொடங்கிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மாநில அரசும் ஒரு பங்கு போட்டால் தானும் ஒரு பங்கு போடுகிற திட்டங்களை நடத்துகிறது. அது அரசுக்கும் அறக்கட்டளைக்கும் நடுவே நடப்பது. அங்கே மறுபக்கம் கஜானா இருக்கிறது. அந்த அறக்கட்டளையே இன்னொரு பங்கு கேட்காமல் தரும் உதவிகளையும் தனியாக வைத்திருக்கிறது. எங்கள் பக்கம் இருப்பது வாசகர் வட்டத்தின் சந்தா டப்பா. ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலரானவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். மூன்று நான்கு வீட்டுப் பெண்கள் சேர்ந்து பறிப்புக் கூலியில் சேர்த்து, ஒருவர் பெயரில் கட்டிய ஆயிரமும் அதில் உண்டு. அதற்கு மேல் அவர்களிடம் பங்கு கேட்க எனக்கு வாய் வராது.

அவர்களால் கொடுக்க முடிந்தது உழைப்பு. அதை நீங்கள் பங்காக எடுத்துக்கொள்வதில்லை. மண் சுமக்கிறார்கள், சுவர் பூசுகிறார்கள், மேலேறி ஷீட் மாற்றுகிறார்கள். இதற்கெல்லாம் வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டால் கூலி எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

மூன்று விலைப்புள்ளி நிபந்தனை இதைவிட மோசமாகக் கையைக் கடிக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் சில்வர் ஓக் மரம் நிறைய. காபிக்கு நிழலுக்காக வளர்ப்பது, மிளகுக்கொடி ஏறுவதும் அதில்தான். அறுத்த பலகை கிடைக்கும், அடுக்குச் செய்யத் தெரிந்த ஆசாரியும் பக்கத்தூரிலேயே இருக்கிறார். அவரிடம் ஜிஎஸ்டி எண் கிடையாது, இருக்க வேண்டிய அளவுக்கு அவருக்கு வியாபாரமும் கிடையாது. ஆகையால் நான் சேலத்துக்கு இறங்கிக் கடை கடையாக ஏறி இரும்பு ரேக்குக்கு விலை கேட்க வேண்டும். வாங்கி, வண்டி பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றி, அங்கிருந்து ஊர்வரை கொண்டுபோக வேண்டும். வண்டி வாடகையும் ஏற்றுகூலியும் உங்கள் நல்கையில் வராது. இத்தனைக்கும் அந்த ரேக் இங்கே நிலைக்காது. ஈரக்காற்றில் முதலில் மூலைகளில் பெயிண்ட் உரியும், பிறகு துருப்பிடிக்கும், துரு புத்தகத்தின் அடிப்பக்கத்தில் செம்மண் நிறத்தில் கோடு போடும். ஏற்கனவே இருக்கிற ஒரு ரேக்கில் வந்து பாருங்கள். மரப்பலகையில் வசம்புப் பொடியைத் துணியில் முடிந்து வைத்தால் பூச்சிக்கும் ஓரளவு வழி உண்டு. நல்ல பொருளைக் குறைந்த விலைக்கு உள்ளூரிலேயே வாங்க விடாமல், கெட்டுப்போகிற பொருளைக் கூடுதல் விலைக்கு வாங்க வைக்கிறது உங்கள் விதி. கணக்குக்காரன் என்கிற முறையில் இதை என்னால் ஏற்க முடியாது.

மார்ச் 31 என்ற தேதியும் அப்படித்தான். உங்கள் முடிவு தை மாதத்தில் வருகிறது. கார்த்திகையில் தொடங்கி மாசி வரைக்கும் எங்கள் ஊரில் காபி, மிளகுப் பறிப்பு. விடிந்தால் வீட்டில் ஆள் இருக்காது. அந்த நாட்களில் கூரை வேலைக்கு யாரைக் கூப்பிட?

அடுத்தது, ஆண்டு நூல் வழங்கல் எண்ணிக்கை. விருதுக்கும் நல்கைக்கும் அதைத்தான் முதல் அளவாக வைத்திருக்கிறீர்கள். எங்கள் வழங்கல் பதிவேட்டைப் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் இங்கே ஒரு புத்தகம் எப்படிப் படிக்கப்படுகிறது என்று சொல்கிறேன். மேட்டுத் தெருவில் இருக்கும் ஒரு பெண் பள்ளி விட்டு வரும்போது ஒரு நாவல் எடுத்துப் போகிறாள். மிளகு உதிர்க்கும்போது அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருக்க, அவள் சத்தமாகப் படிக்கிறாள். எழுத்துக் கூட்டத் தெரியாத பெரியவர்கள் அடுத்த நாள் 'நேத்து எங்க விட்டோம்' என்று கேட்டு அவளை உட்கார வைக்கிறார்கள். அங்கே முடிந்ததும் புத்தகம் நேராக நூலகத்துக்கு வருவதில்லை, பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போகிறது. ஒரு மாதம் கழித்து நூல் தேய்ந்து, அட்டை மடங்கித் திரும்பி வரும்போது பதிவேட்டில் இருப்பது ஒரே ஒரு வழங்கல். உங்கள் அளவுகோலில் அது ஒன்று. அந்தப் புத்தகத்தைக் கேட்டவர்கள், படித்தவர்கள் பெயர்களை அவளே ஒரு தாளில் எழுதித் தருவாள், கேட்டால்.

இப்போது விருது. லைப்ரரி அக்காவிடம் நூலக அறிவியல் பட்டம் இல்லை. நிரந்தரப் பணியும் இல்லை, வருவது சொற்பத் தொகை. பகுதிநேரம் என்று பெயர்தான். தேர்வு நெருங்கினால் இருட்டும்வரை திறந்து வைத்திருப்பார், கரண்ட் போனால் வீட்டிலிருந்து எமர்ஜென்சி விளக்கை எடுத்து வருவார். யாருக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்கு அத்துப்படி. புதுப் புத்தகக் கட்டு வந்ததும் பிரித்துப் பார்த்து, 'இது வாத்தியாருக்கு, இது பால் சொசைட்டிக்காரருக்கு' என்று தனியாக எடுத்து வைப்பார். கடந்த ஆண்டுவரை இவரைப் போன்றவர்களுக்கு உங்கள் விருது கிடைக்கவில்லையே தவிர, கிடைக்கக் கூடாது என்று விதி இல்லை. இப்போது விதியே போட்டுவிட்டீர்கள்.

ஆகஸ்ட் 12 அன்று நீங்கள், இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டு விழா எடுப்பவர்கள். அவர் 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தபோது மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். நூலகப் படிப்பு அதற்குப் பிறகு லண்டன் போய்ப் படித்தது. உங்கள் இன்றைய விண்ணப்பப் படிவம் அன்றைக்கு இருந்திருந்தால் முதல் ஆண்டில் அவர் பெயரையும் தள்ளியிருக்கும். படிப்பு வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. அக்காவைப் போன்றவர்கள் அந்தப் படிப்பைப் படிக்கச் சங்கம் உதவினால் அதைவிட நல்ல நல்கை வேறில்லை. படிக்க வழி செய்யாமல் பட்டம் இல்லை என்று வெளியே நிறுத்துவதுதான் அநியாயம்.

பரிந்துரைக்கும் உரிமையும் மேலதிகாரிகளுக்கும் சங்கத்தின் நிறுவன உறுப்பினர்களுக்கும் மட்டுமே இருக்கிறது. வாசகன் எழுதினால் படிவம் செல்லாது. அமெரிக்க நூலகச் சங்கம் 2008ல் தொடங்கிய 'ஐ லவ் மை லைப்ரேரியன்' விருதுக்கு நூலகரின் பெயரை எழுதி அனுப்புவதே வாசகர்கள்தான். அந்த நூலகர் தங்களுக்கு என்ன செய்தார் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய சங்கமே வாசகர் சொல்லை நம்பி ஆண்டுக்குப் பத்துப் பேர் போலத் தேர்ந்தெடுக்க முடியும்போது, சேலத்தைச் சுற்றி இருக்கும் நம் வட்டாரத்தில் முடியாதா?

இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வாய்மொழியாக ஏற்கனவே சொல்லியிருக்கிறீர்கள். 'அது அரசு நூலகம், மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் கேளுங்கள்.' சரி, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி என்று எங்கள் ஊர் ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார், அந்த உரிமையோடு அங்கே கேட்போம். ஆனால் உங்கள் நன்கொடை ரசீதில் 'வட்டாரத்தின் அனைத்து நூலகங்களின் வளர்ச்சிக்கும்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துக்காட்டித்தான் எங்கள் ஊரிலும் உங்களுக்காக வசூல் செய்து அனுப்பினோம். வாங்கும்போது அனைத்து நூலகங்கள், கொடுக்கும்போது அது அரசு நூலகம் என்றால் எப்படி? அதுவும், நகரத்தில் உங்கள் விருது வாங்கியவற்றிலும் அரசு நூலகங்கள் இருக்கின்றனவே.

நூலகச் சங்கம் என்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. சென்னை நூலகச் சங்கம் 1928ல் தொடங்கியது. 1931ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். 1948ல் பொது நூலகச் சட்டம் வந்ததற்குப் பின்னால் இவர்களைப் போன்றவர்களின் இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. ஊருக்குள் வர முடியாதவரிடம் புத்தகத்தைக் கொண்டுபோவதுதான் அன்றைக்கு வேலையாக இருந்தது. உங்கள் சங்கமும் அந்த வழியில் வந்தது என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறீர்கள். அதை நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் வாசகர் வட்டம் கேட்பது இவை. சிறு நூலக நல்கையைத் தனியாகத் திரும்பக் கொண்டுவாருங்கள், கூரை, அடுக்கு, விளக்கு, புத்தகப் பாதுகாப்பு ஆகியவற்றை அதன் வரம்புக்குள் சேருங்கள். தொகையைப் பாதி முன்பணமாகவும், வேலையைப் பார்த்துவிட்டு மீதியாகவும் கொடுங்கள். முன்பணத்துக்குக் கணக்கு வராவிட்டால் அந்த நூலகத்தை அடுத்த ஐந்து ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள், மறுப்பில்லை. பங்கு கேட்பதாக இருந்தால் ஊர்மக்களின் உழைப்பைப் பங்காக ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு வரம்புக்கு உட்பட்ட தொகைக்கு உள்ளூர் ஆசாரி, கொத்தனார் கையெழுத்திட்டுத் தரும் ரசீதை, ஊராட்சியின் சான்றோடு, செல்லும் என்று அறிவியுங்கள். மலை நூலகங்களுக்குக் கணக்கு முடிக்கும் தேதியை ஜூன் கடைசிக்குத் தள்ளுங்கள். மழை வலுப்பதற்கு முன் சித்திரை, வைகாசியில்தான் கூரை வேலை செய்ய முடியும்.

விருதில் பட்டம், நிரந்தரப் பணி என்ற வரியை நீக்குங்கள். பகுதிநேரமாகவும் தன்னார்வமாகவும் நூலகம் நடத்துகிறவர்களையும் கணக்கில் எடுங்கள், வாசகர்கள் கையெழுத்திட்டு அனுப்பும் பரிந்துரையை ஏற்றுக்கொள்ளுங்கள். முடிவு எடுப்பதற்கு முன் குழுவில் ஒருவராவது இடத்தை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதுங்கள். ஏற்காட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பஸ் நேரத்தை நான் அனுப்பி வைக்கிறேன், தங்கவும் சாப்பிடவும் ஏற்பாடு எங்கள் பொறுப்பு. நூலகம் திறந்திருக்கும் மாலை நேரத்தில் வாருங்கள். பதிவேடு, துருப்பிடித்த ரேக், தார்ப்பாய், அந்த நோட்டு எல்லாவற்றையும் காட்டுகிறோம்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன்பாக எழுத்தில் பதில் வேண்டும். அதுவரை இந்த ஆண்டுத் தேர்வை நிறுத்திவையுங்கள். மாற்ற முடியாது என்பது உங்கள் முடிவானால், எந்த நிபந்தனையை என்ன காரணத்துக்காக மாற்ற முடியாது என்று தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். அதை எங்கள் வட்டத்தின் கூட்டத்தில் வாசித்துக்காட்டி, உங்களுக்கு நன்கொடை தந்தவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மலை நூலகத்தின் வாசகர் வட்டப் பொறுப்பாளர்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்